எந்தப் பக்கம் வலி?

செப்டம்பர் 21

என் வீட்டுக்காரருக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். நீங்களும் வாண்டுவும் உங்கள் அக்காவும் எப்படி இருக்கிறீர்கள்? வாண்டுவின் இருமல் நின்றதா?

எனக்கு மாடியில் ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள். ஜன்னலைத் திறந்தால் எதிரில் சலவைக் கடை. நாள் முழுவதும் வெள்ளை விரிப்புகளை உதறி மடித்துக்கொண்டே இருக்கிறார்கள். பார்த்தால் நம் ஆஸ்பத்திரி வார்டு ஞாபகம் வருகிறது.

வகுப்பில் எல்லாரும் இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுப் பிள்ளைகள். முதல் நாள் நான் உள்ளே நுழைந்ததும் அத்தனை பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். பாடம் நடத்த வந்தவள் என்று நினைத்துவிட்டார்கள்! நான் பேசாமல் போய்ப் பின் பெஞ்சில் உட்கார்ந்தேன். நாற்பது வயதில் மாணவி ஆனால் இப்படித்தான்.

குறைமாதக் குழந்தைகளின் வார்டைக் காட்டினார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் உள்ளங்கை அளவுப் பிள்ளைகள், வரிசை வரிசையாக. நம் ஆஸ்பத்திரியில் நாங்கள் இரண்டே பெட்டிகளை வைத்துக்கொண்டு பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். இந்த வேலையை ஒழுங்காகக் கற்றுக்கொண்டு வந்துவிட வேண்டும். மொழியோடுதான் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. நான் புத்தகத்தில் படித்த மொழி வேறு, இவர்கள் வாயிலிருந்து வருவது வேறு.

வாண்டுவுக்குப் பின்னும்போது தலைமுடியை இழுக்காதீர்கள். அவள் சொல்ல மாட்டாள், கண்ணில் தண்ணீர் வரும்.

உங்கள்
வீட்டுக்காரி


அக்டோபர் 12

சிஸ்டரம்மாவுக்கு,

நாங்கள் மூவரும் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறோம். நீ அந்தக் குளிரில் ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்பதுதான் இங்கே அன்றாட விவாதம்.

பின்னல் விஷயம். எவ்வளவு சின்ன லென்சானாலும் ஃபிரேமுக்குள் உட்கார வைக்கிற கைக்கு ஒரு பின்னல் போட வரவில்லை. ஒன்று காதுக்கு மேலே, ஒன்று கழுத்துக்குக் கீழே. வாண்டு கண்ணாடியில் பார்த்துவிட்டு, "அப்பா, பவர் மாறிப் போச்சு" என்றாள். அக்கா வந்து பிரித்துப் பின்னிவிட்டாள். சமையலறையும் இப்போது அக்காவின் ஆட்சியில். உப்பு ஜாடி எங்கே இருக்கிறது என்று கேட்டால்கூட, "உனக்கு எதுக்கு?" என்கிறாள்.

கடைக்கு வருகிறவர்களின் முதல் கேள்வி, "உங்க வீட்டுல எப்ப வர்றாங்க?" இரண்டாவது கேள்வி, "ஒன்பது வயசுப் பொண்ணை விட்டுட்டுப் போக எப்படித்தான் மனசு வந்துச்சோ?" மூன்றாவதுதான் கண்ணாடி. இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்வதில்லை. ஒரு கண்ணை மூடச் சொல்லி, "அந்தக் கடைசி வரியை வாசிங்க" என்று எழுத்துப் பலகையைக் காட்டிவிடுகிறேன்.

நீ படி. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கண்ணாடிக்காரன்


நவம்பர் 5

என் வீட்டுக்காரருக்கு,

நலம். உங்கள் கடிதம் வந்தது. அங்கே எல்லாரும் நன்றாக இருப்பதில் சந்தோஷம்.

இங்கே குளிர் கூடிவிட்டது. ஒரு பரீட்சை நடந்தது. பரவாயில்லை. சாப்பாடு பழகிவிட்டது. வேறு எழுத ஒன்றுமில்லை.

திரும்பி வருகிற டிக்கெட்டை எந்தப் பெட்டியில் வைத்தோம் என்று கேட்க நினைத்தேன். அதற்குள் கிடைத்துவிட்டது. சும்மாதான் தேடினேன்.

வாண்டுவுக்கு முத்தம்.

வீட்டுக்காரி


நவம்பர் 24

சிஸ்டரம்மாவுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லையே? கடிதம் கிடைத்தது. கடிதமா அது? மருந்துச் சீட்டுகூட அதைவிட நீளமாக இருக்கும். உள்ளே இன்னொரு தாள் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று வாண்டு உறையைத் தலைகீழாக உதறிப் பார்த்தாள்.

நீ ஒரு காரியம் செய்ய வேண்டும். அந்த நாட்டுத் தலைநகரம் அங்கிருந்து ரயிலில் ஒரே நாளில் போய்வரும் தூரம் என்று கிளம்பும்போதே சொன்னார்கள். லீவு நாளில் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வா. "எங்கம்மா தலைநகரத்தை முழுசாப் பார்த்துட்டாங்க" என்று உன் மகள் வகுப்பில் அளந்துவிட்டிருக்கிறாள். "அப்படியா, என்னென்ன பார்த்தாங்க?" என்று டீச்சர் கேட்டிருக்கிறார். "லெட்டர்ல கேட்டுட்டு வந்து சொல்றேன் டீச்சர்" என்று சமாளித்துவிட்டு வந்திருக்கிறாள். குடும்ப மானம் உன் கையில்.

மற்றபடி விசேஷம் இல்லை. வாண்டுவுக்குக் கொஞ்ச நாளாக விட்டு விட்டு வயிற்றுவலி. பள்ளிக்கூடம் கிளம்பும் நேரத்துக்குச் சரியாக வருகிறது, ஞாயிற்றுக்கிழமை வருவதில்லை. அதனால் நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கண்ணாடிக்காரன்


டிசம்பர் 14

என் வீட்டுக்காரருக்கும் வாண்டுவுக்கும்,

நான் மிக நன்றாக இருக்கிறேன். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். போகச் சொன்னீர்களே, நேற்று தலைநகரம் போய்விட்டு வந்தேன். வாண்டு, பென்சிலை எடுத்துக்கொள், டீச்சருக்குச் சொல்ல வேண்டியதெல்லாம் வருகிறது.

கோட்டுக்குள் இரண்டு கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு மூட்டை மாதிரி ரயிலை விட்டு இறங்கினேன். ஸ்டேஷன் கூரை நம் பள்ளிக்கூட மைதானத்தைத் தலைக்கு மேலே தூக்கி வைத்த மாதிரி இருக்கிறது. உள்ளேயே புறாக்கள் குடித்தனம் நடத்துகின்றன. வெளியே வந்தால் விளக்குக் கடைகள் மட்டுமே உள்ள ஒரு தெரு. பட்டப்பகலில் அத்தனை விளக்கும் எரிகிறது. அதற்கு அடுத்த தெருவில் வண்டிச் சக்கரம் அளவுக்கு ஒரு மூக்குக்கண்ணாடியைத் தொங்கவிட்டு ஒரு கடை. உங்களுக்காக நின்று பார்த்தேன். உள்ளே ஒருவர் கண்ணுக்கு ஒன்றும் போடாமல் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தார். நீங்கள் கூட இருந்திருந்தால் உள்ளே போய்ச் சண்டை போட்டிருப்பீர்கள்.

எனக்கு இரண்டு மணிக்கு ஒரு சின்ன வேலை இருந்தது. அதுவரை சுற்றுவோம் என்று நடந்தேன். ஆற்றுப் பாலத்தின் நடுவில் நின்றால் கீழே படகுகள் போகின்றன. ஒரு படகுக்காரர் ஒரு கையில் ரொட்டி, ஒரு கையில் பத்திரிகை. சுக்கானைக் காலால் பிடித்திருக்கிறார். பாலம் தாண்டினால் அருங்காட்சியகம். வாண்டு, அங்கே ஒரு திமிங்கிலத்தின் எலும்பைக் கூரையிலிருந்து தொங்கவிட்டிருக்கிறார்கள். அதன் விலா எலும்புக்குள் நம் வீடு, கடை, உன் அத்தை எல்லாரும் அடங்கிவிடலாம். அதற்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒரு காவல்காரர் தூங்குகிறார். எப்படித்தான் தூக்கம் வருகிறதோ.

பிறகு தப்பான டிராமில் ஏறிவிட்டேன். அது போய்க்கொண்டே இருந்தது, கடைசி நிறுத்தம் வரை. எல்லாரும் இறங்கிவிட்டார்கள். ஓட்டுநர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். "தொலைஞ்சு போயிட்டீங்களா?" என்றார். "ஆமாம்" என்றேன். "உக்காருங்க, நான் சாப்பிட்டு முடிச்சதும் ரெண்டு பேரும் திரும்பிப் போகலாம்" என்றார். காலி டிராமில், மரங்களுக்கு நடுவே, அவர் சாப்பிட்டு முடிக்கும் வரை உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பயமே வரவில்லை.

இனிமேல்தான் பெரிய செய்தி. திரும்பி வந்து ஆற்றுப் பாலத்தைத் தாண்டி நடக்கும்போது, கையில் வரைபடத்தோடு ஒரு கணவனும் மனைவியும் என்னை நிறுத்தி ஸ்டேஷனுக்கு வழி கேட்டார்கள். என்னை! நானும் சொன்னேன், இந்த ஊர் மொழியில், மூச்சு விடாமல்: நேராகப் போங்கள், பெரிய மூக்குக்கண்ணாடி வரும், அங்கே திரும்பாதீர்கள், அடுத்த தெருவில் இடது பக்கம். அவர்கள் தலையாட்டிவிட்டுப் போனார்கள். எனக்குச் சந்தேகம். பின்னாலேயே போய்ப் பார்த்தேன். சரியாக இடது பக்கம் திரும்பினார்கள்! நடுத்தெருவில் நின்று சிரித்தேன்.

அப்புறம் ஒரு பூங்கா. குளம் லேசாக உறைந்திருந்தது. வாத்துகள் தண்ணீர் என்று நினைத்து வந்து இறங்கி, பனிக்கட்டியில் வழுக்கி ஒன்றன் மேல் ஒன்று விழுந்தன. பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். நாள் முழுவதும் யாரும் என்னை "சிஸ்டர்" என்று கூப்பிடவில்லை, "அம்மா" என்று கூப்பிடவில்லை, "இங்க வா" என்று சொல்லவில்லை. கோபுரக் கடிகாரத்தில் இரண்டு அடித்தது. கேட்டது. எழுந்திருக்கவில்லை. அந்தச் சின்ன வேலையைச் செய்யாமலேயே ரயிலேறி வந்துவிட்டேன். நாளை முதல் நன்றாகப் படிக்கப் போகிறேன்.

உங்கள்
வீட்டுக்காரி

பின்குறிப்பு: வாண்டுவுக்கு எந்தப் பக்கம் வலி? தொப்புளைச் சுற்றியா, வலது பக்கம் கீழேயா? பார்த்து எழுதுங்கள்.


ஜனவரி 12

அன்புள்ள மனைவிக்கு,

எல்லாரும் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கடையில் வேலை அதிகம். தபாலும் சரியில்லை. தலைநகரம் பார்த்தது பற்றிச் சந்தோஷம். வாண்டுவிடம் வாசித்துக் காட்டினேன்.

அவளுக்கு வயிற்றுவலி இப்போது இல்லை. இனி வராது. அக்கா நன்றாகப் பார்த்துக்கொள்கிறாள். நீ படிப்பைக் கவனி.

இப்படிக்கு,
உன் கணவன்


ஜனவரி 27

என் செல்ல வாண்டுவுக்கு,

அம்மா நன்றாக இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய்? இந்தக் கடிதம் உனக்கு மட்டும்.

எங்கள் வகுப்பில் படம் வரைந்துதான் எல்லாம் படிக்கிறோம். எனக்கு ஒன்பது வயதுப் பெண்ணின் வயிற்றுப் படம் ஒன்று வேண்டும். உன்னைவிட நன்றாக யார் வரைவார்கள்? தொப்புள் எங்கே இருக்கிறது, வேறு என்னென்ன இருக்கிறது, எல்லாவற்றையும் பார்த்து வரைந்து, பக்கத்தில் எழுதி அனுப்பு. அப்பாவிடம் ஸ்டாம்ப் மட்டும் வாங்கிக்கொள்.

அம்மா


பிப்ரவரி 14

அம்மாவுக்கு,

நான் நலம். நீங்கள் நலமா? அத்தை நலம். அப்பா நலம், ஆனால் தலையில் வெள்ளை முடி வந்திருக்கிறது.

படம் வரைந்திருக்கிறேன். நடுவில் இருப்பது தொப்புள். வலது பக்கம் கீழே ரயில் தண்டவாளம் மாதிரி இருப்பது தையல். அது சிவப்புப் பென்சில் போட்டது, நிஜத்தில் இப்போது அவ்வளவு சிவப்பு இல்லை. உள்ளே குடல்வால் என்று ஒன்று இருந்ததாம். அது கெட்டுப் போய்விட்டதால் டாக்டர் எடுத்துவிட்டார். எனக்குக் காட்டுங்கள் என்று கேட்டேன், காட்டவில்லை. அரையாண்டுப் பரீட்சைக்கு முந்திய வியாழக்கிழமை எடுத்தார்கள். அதனால் நான் பரீட்சையே எழுதவில்லை!

அம்மாவுக்குச் சொல்லக் கூடாது என்று அப்பா சொன்னார். நான் சொல்லவில்லை. நீங்கள் கேட்ட படத்தைத்தான் வரைந்தேன்.

திமிங்கிலத்துக்குத் தொப்புள் உண்டா?

வாண்டு


மார்ச் 3

உங்களுக்கு,

நான் நலமா என்று கேட்காதீர்கள்.

"இனி வராது" என்று எழுதினீர்களே, எந்த வீட்டில் எந்த அப்பா அப்படி எழுதுவான்? "இப்போது பரவாயில்லை" என்பான், "மருந்து கொடுத்திருக்கிறோம்" என்பான். இனி வராது என்று எழுதினால் இருந்ததை எடுத்தாயிற்று என்று அர்த்தம். பதினேழு வருஷமாகக் குழந்தைகள் வார்டில் நிற்கிறவளிடமா இதை மறைக்கிறீர்கள்? அந்த ஒரு வரியைப் படித்ததிலிருந்து படம் வந்து சேரும் வரை நான் தூங்கவில்லை. படத்தைப் பார்த்த பிறகுதான் தூங்கினேன். தையல் நேராக இருக்கிறது. நல்ல கை. அந்த டாக்டருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். உங்களுக்குச் சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை.

மேலே உள்ளதை நேற்று எழுதினேன். கிழித்துப் போடலாம் என்று பார்த்தேன், மனசு வரவில்லை. இருக்கட்டும். படியுங்கள்.

இன்று வேறொன்று எழுத வேண்டும். நான் மட்டும் யோக்கியமா?

நவம்பரில் நடந்த பரீட்சையில் நான் தேறவில்லை. வார்டில் பேராசிரியை ஒன்று கேட்பார், நான் வேறொன்றைக் கொண்டுபோய் நீட்டுவேன். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். ஒருநாள் அவர் என்னைத் தனியாக அழைத்து, "இந்தப் படிப்பு உங்களுக்குச் சரிவருமா, யோசிங்க" என்றார். யோசித்தேன். பெட்டி கட்டினேன். தலைநகரத்துக்கு நான் ஊர் பார்க்கப் போகவில்லை. டிக்கெட்டின் தேதியை மாற்றி, அந்த வாரமே கிளம்பி வந்துவிடலாம் என்று விமானக் கம்பெனி அலுவலகத்துக்குப் போனேன். சனிக்கிழமை இரண்டு மணிக்குத்தான் திறப்போம் என்று கதவில் எழுதியிருந்தது. அந்த இரண்டு மணி வரைக்கும்தான் சுற்றினேன். அப்புறம் நடந்ததுதான் உங்களுக்குத் தெரியுமே.

நான் அங்கே போனதற்கு இரண்டு நாள் முன்பு, அந்த வியாழக்கிழமை நீங்கள் தந்தி அடித்திருந்தால் வெள்ளிக்கிழமை என் கையில் கிடைத்திருக்கும். சனிக்கிழமை இரண்டு மணிக்கு அந்தக் கதவு திறக்கும்போது முதல் ஆளாக நின்றிருப்பேன். உங்களைத் திட்டுவதா, கையெடுத்துக் கும்பிடுவதா என்று எனக்குத் தெரியவில்லை. வார்டு வாசலில் நிற்கிற அம்மாவிடம் முதல் வேலையாகக் கேட்கிற கேள்வியை, என் மகள் விஷயத்தில், வாத்துக் கதையெல்லாம் எழுதி முடித்துப் பின்குறிப்பில் கேட்டிருக்கிறேன்.

அவள் ஓடுகிறாளா? குனிகிறாளா? உண்மையை எழுதுங்கள்.

வீட்டுக்காரி


மார்ச் 22

சிஸ்டரம்மாவுக்கு,

ஓடுகிறாள். குனிகிறாள். நேற்று மதில் சுவரில் ஏறி உட்கார்ந்து அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். இதைவிடப் பெரிய சான்றிதழ் இல்லை. நீ நிம்மதியாகத் தூங்கு.

உள்ளதைச் சொல்கிறேன். வியாழக்கிழமை காலையில் சுருண்டு விழுந்துவிட்டாள். கடை வாசலில் நிற்கிற ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடினோம். "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா உள்ளேயே வெடிச்சிருக்கும்" என்றார் டாக்டர். அவள் கண் விழித்ததும் அக்கா, "பெத்தவ பக்கத்துல இருக்க வேண்டாமா? தந்தி அடிடா" என்று அனுப்பினாள். போனேன். தாளில் எழுதியும் முடித்துவிட்டேன். என் முறை வந்தது. கவுன்ட்டரில் இருந்தவர் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.

"என்ன சார், அடிக்கணுமா வேண்டாமா?"

"வேண்டாம் சார். பொண்ணு பொழைச்சுக்கிட்டா."

அவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிள்ளை பிழைத்துவிட்டாள். இந்தத் தாள் போனால் நீ வந்துவிடுவாய். வந்தால் மறுபடி போக மாட்டாய். கடையில் அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்கிறவர்களுக்கெல்லாம் நானே பதில் எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். அதனால் கிழித்துப் போட்டேன். சரியா தப்பா என்று இன்றைக்கும் தெரியாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கடையில் வேலையும் இல்லை, தபாலிலும் குறை இல்லை. அவளை வீட்டுக்குக் கூட்டி வந்த மறுநாள் உன் தலைநகரக் கடிதம் வந்தது. கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து படித்தேன். யாரும் "அம்மா" என்று கூப்பிடவில்லை என்று சந்தோஷமாக எழுதியிருந்தாய். நீ அதை எழுதிய வாரம் முழுக்க இவள் மயக்கத்திலும் தூக்கத்திலும் "அம்மா, அம்மா" என்றுதான் கூப்பிட்டாள். எனக்கு வந்த கோபத்தில் பேனாவைத் தொடவில்லை. மறைத்தவன் நான், கோபப்படுகிறவனும் நான். என்ன நியாயமோ.

வாண்டுதான் அந்தக் கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னாள். வாத்து விழுகிற இடம் வந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, நிறுத்துங்க, சிரிச்சா தையல் வலிக்குது" என்பாள். நிறுத்தினால், "இல்ல இல்ல, படிங்க" என்பாள். பத்து நாள் அப்படிப் படித்தேன். என் கோபம் எந்த நாளில் போயிற்று என்று தெரியவில்லை. அப்புறம் எழுத உட்கார்ந்தால் வெட்கமாக இருந்தது. அதனால்தான் அந்த நாலு வரிக் கடிதம்.

நீ அந்தக் கதவுக்கு வெளியே நின்றாய் என்று படித்ததும் கடையை அரை நாள் மூடிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். இத்தனை கஷ்டத்தை நீ தனியாக வைத்துக்கொண்டிருந்தாயே. நான் என்ன, எழுத்துப் பலகையா, எதிரே தொங்குவதற்கு மட்டும்?

திமிங்கிலத்துக்குத் தொப்புள் உண்டா இல்லையா? எங்களைத் தினமும் பிடுங்கி எடுக்கிறாள்.

கண்ணாடிக்காரன்


மே 30

என் வீட்டுக்காரருக்கு,

நலம், நிஜமாகவே. உங்கள் எல்லாரையும் பார்க்கத்தான் அவசரமாக இருக்கிறது. திமிங்கிலத்துக்குத் தொப்புள் உண்டு. அதுவும் தாய் வயிற்றில் வளர்ந்து பிறப்பதுதான். அன்று தூங்கிய காவல்காரருக்குக் கடிதம் போட்டு, பதிலும் வாங்கிவிட்டேன்.

தேறிவிட்டேன்! முதல் வரிசையில் இல்லை, நடுவில். பேராசிரியை என்னைப் பற்றி, "மெதுவாகப் பேசுகிறார், ஆனால் அவர் கையில் குழந்தை அழுவதில்லை" என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அதை வாங்கிக்கொண்டு கழிவறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தேன்.

ஜூன் கடைசி வாரம் வருகிறேன். விமான நிலையத்துக்குக் கூட்டம் கூட்டி வராதீர்கள். வந்ததும் "ஒண்ணும் இல்ல, எல்லாம் நல்லா இருக்கு" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். எது உடைந்தது, எது தொலைந்தது, யார் யாரோடு பேசவில்லை, எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். நானும் சொல்கிறேன். கேட்டுவிட்டு, சாப்பிட்டுவிட்டு, இரண்டு நாள் தூங்க வேண்டும்.

வீட்டுக்காரி


ஜூன் 13

சிஸ்டரம்மாவுக்கு,

எங்களுக்குக் கால் தரையில் இல்லை. உனக்கும் அப்படித்தான் இருக்கும், எப்படியும் பறந்துதானே வரப்போகிறாய்.

நேரில் சொன்னால் நீ விமான நிலையத்திலிருந்தே திரும்பிப் போய்விடுவாய் என்பதால் எழுத்திலேயே ஒப்புக்கொள்கிறேன். உன் சுவர்க் கடிகாரம் உடைந்தது நான் ஆணி அடித்ததால். நீலத் திரைச்சீலையில் இருக்கும் இஸ்திரிப்பெட்டித் தழும்பு அக்காவுடையது. அதைக் கேட்கப் போய் நானும் அக்காவும் ஒரு வாரம் பேசவில்லை. நடுவில் வாண்டுதான் தூது போனாள், அதுவும் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிச் சொல்லி. இப்போது ராசியாகிவிட்டோம். கடையில் நீ தேறிய செய்தியை வருகிறவர்கள் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன், தூரப்பார்வைக்காரர், கிட்டப்பார்வைக்காரர் என்ற பேதமில்லாமல். உன் ஆஸ்பத்திரியிலிருந்து பெரிய டாக்டரே வந்து, "புதுக் கண்ணாடிப் பெட்டிகள் வந்து இறங்கிடுச்சு, எங்க சிஸ்டர் எப்ப வர்றாங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

உன் கடிதத்தை வாண்டுவிடம் வாசித்துக் காட்டினேன்.

"அப்பா, அம்மா வந்ததும் இனிமே நாம லெட்டர் எழுத வேண்டியதில்லையா?"

"வேண்டியதில்லை."

"அப்ப எல்லாத்தையும் நேர்லயே சொல்லணுமா?"

"ஆமா."

"ஐயோ, அது ரொம்பக் கஷ்டமாச்சே!"

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பரவாயில்லை, வா. பழகிக்கொள்வோம்.

கண்ணாடிக்காரன்